தீக்குச்சியும் சிறு முதலும்

பேரரசர்கள் எதனை விரும்பினார்கள் என்பதை அறிந்துகொள்ள வரலாற்று மாணவனுக்குப் பெருந்துன்பம் எதுவும் இல்லை. மெய்க்கீர்த்திகள் உண்டு, செப்பேடுகள் உண்டு, வென்ற நாடுகளின் பட்டியலும் உண்டு. ஆனால், வீட்டுத் திண்ணையில் ஒரு தொழிலைத் தொடங்கிய சிறு வணிகன் ஒருவன் தன் வாழ்நாளில் எதனை அடைய விழைந்தான், எது அவனை இடைமறித்தது என்று கேட்டால் நமக்கு விடை கிடைப்பது அரிது. அவன் கல்லில் எதனையும் வெட்டி வைக்கவில்லை. எழுதியவை எல்லாம் பேரேட்டில் எழுதியவை. அவற்றிலும் பெரும்பகுதி கறையானுக்கு இரையாகிவிட்டது. ஆகவே, அவனுடைய குறிக்கோள் இன்னதென்பதை, அவன் எந்தத் தடைகளோடு மல்லுக்கு நின்றான் என்பதைக் கொண்டே நாம் ஊகித்து அறிய வேண்டியவர்களாக இருக்கிறோம். அத்தகைய முயற்சி ஒன்றிற்குச் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலை நான் எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டு அடுக்களையில் நாள்தோறும் கையாளும் பொருள்; ஆயினும் அதற்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

சிவகாசி அந்நாளில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1985-இல்தான் அது விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டத்தின் பகுதியாயிற்று. மழை குன்றிய கரிசல் நாடு அது. மழை பெய்த ஆண்டில் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்த ஆண்டில் கடன்தான் விளையும். ஆற்றுப்பாசனத்தை நம்பி வாழும் தஞ்சைக் குடியானவனுக்கு இந்நிலத்தின் இயல்பை எடுத்துச் சொல்லுவது கடினம். இங்கே நிலத்தை மட்டும் நம்புவது அறிவுடைமையன்று என்பதைச் சிறு குழந்தையும் உணர்ந்திருந்தது.

இந்நிலத்தில் வணிகத்தை மேற்கொண்டவர்களுள் முதன்மையானவர்கள் நாடார் சமூகத்தார். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களிலும் அவர்கள் நிலைகொண்டார்கள். வழிப்பறிக்கு அஞ்சி, வண்டிகளும் மாடுகளும் சரக்கும் இரவில் தங்குவதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்துக்கொண்டார்கள். விற்கும் சரக்கிற்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வணிகரும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, ‘மகமை’ என்ற பொதுநிதியில் சேர்த்தார்கள். அந்நிதியிலிருந்து கிணறுகளும் கோயில் திருப்பணிகளும் பள்ளிக்கூடங்களும் தோன்றின. விருதுநகரில் காமராசர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலையும் அந்த வணிக சமூகத்தின் படைப்பேயாகும்.

ஆயினும் கையிலே பணம் சேர்ந்த அளவிற்கு மதிப்புச் சேரவில்லை. கோயில் நுழையும் உரிமை மறுக்கப்பட்டது. 1899 ஜூன் மாதம் 6-ஆம் நாள் சிவகாசி சூறையாடப்பட்டது; வீடுகள் எரிந்தன; உயிர்கள் மாய்ந்தன. கமுதிக் கோயில் வழக்கு இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இந்நிகழ்ச்சிகளை நான் இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. சிறு தொழில் நடத்துவோரின் குறிக்கோள் இலாபம் ஒன்றே என்று பொருளாதார நூல்கள் நமக்குப் பாடம் சொல்கின்றன. சூறையாடப்பட்ட ஓர் ஊரில் பிறந்த பிள்ளை தொழில் தொடங்கும்போது அவன் நாடியது இலாபம் மட்டுமே என்று என்னால் நம்ப இயலவில்லை. யாருடைய தயவுக்கும் காத்திராமல் நிற்கும் ஓர் இடத்தை அவன் நாடினான். மழையின் தயவும் அதில் அடக்கம்; மேற்குடியின் தயவும் அடக்கம்; வட்டிக்குக் கொடுப்பவனின் தயவும் அடக்கம். கடன் வசதிக்காக 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியை அச்சமூகத்தார் நிறுவியதும் இவ்வெண்ணத்தின் விளைவே. அவ்வங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

இனித் தீப்பெட்டிக்கு வருவோம். தலையை எங்கே உரைத்தாலும் பற்றிக்கொள்ளும் பழைய தீக்குச்சி ஆபத்தானது. மருந்தை இரு கூறாக்கி, குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு முதலியவற்றையும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரத்தையும் வைத்து, இரண்டும் உரசினாலன்றித் தீப்பற்றாத பாதுகாப்புத் தீப்பெட்டியைப் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவீடன் நாட்டார் செய்து பரப்பினர். அந்நாட்டுப் பெட்டிகளும், பின்னர் ஜப்பான் நாட்டுப் பெட்டிகளும் நம் நாட்டுச் சந்தையை நிரப்பின. சுதேசி இயக்க காலத்தில் வங்காளத்தில் எழுந்த தீப்பெட்டிச் சாலைகள் பல, போட்டியைத் தாங்க மாட்டாமல் நொடித்துப்போயின.

1922-இல் ஒரு மாறுதல் நேர்ந்தது. அரசாங்கம் தன் கஜானாவை நிரப்பிக்கொள்ளும் பொருட்டு, இறக்குமதித் தீப்பெட்டியின் வரியைக் குரோசு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்திற்று. ஒரு குரோசு என்பது 144 பெட்டி. இந்தியத் தொழிலை வாழவைக்க வேண்டும் என்ற அருள் நோக்கம் அந்த வரிக்குப் பின்னால் இருந்ததாகக் கொள்ள வேண்டாம். மாடு புல்லைத் தேடிப் போன வழி பின்னர் ஊருக்குப் பாதையாவது போல, வருவாய்க்காகப் போட்ட வரி தொழிலுக்கு வேலியாக அமைந்துவிட்டது. 1928-இல்தான், சுங்கவரி வாரியத்தின் விசாரணைக்குப் பின், அது பாதுகாப்பு வரி என்ற பெயரையே பெற்றது.

அந்த 1922-ஆம் ஆண்டிலேயே சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். ஒருவர் அய்ய நாடார். மற்றவர் அவருடைய உறவினரான சண்முக நாடார். மொழி தெரியாத ஊர். பல நாள் இரயில் பயணம். அங்கே சில மாதங்கள் தங்கி, தீக்குச்சி செய்யும் நுட்பத்தைக் கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டு, 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். ஜெர்மனி நாட்டு இயந்திரங்களையும் தருவித்தார்கள். ஆனால் இயந்திரம் கேட்ட முதலீடும் மரமும் பழுது பார்க்கும் திறனும் அவர்களுக்கு எட்டாதவையாக இருந்தன. விரைவிலேயே அத்தொழில் கைத்தொழிலாக மாறிற்று.

இந்த மாற்றத்தை நான் தோல்வி என்று கருதவில்லை. இயந்திரத்தை வாங்க முதல் இல்லாத ஊரில், முதலைக் குறைத்துக் கைகளைப் பெருக்கும் முறையை அவர்கள் கண்டார்கள். குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகும் ‘கட்டை அடுக்குதல்’ ஒருவர் வேலை. அடுக்கிய கட்டையை முதலில் மெழுகிலும் பின்பு மருந்திலும் முக்குவது வேறொருவர் வேலை. பெட்டி ஒட்டுவதை வீட்டுப் பெண்கள் தங்கள் வாசலிலேயே செய்துவிடலாம். மழையில்லாத கொடுமையும் இங்கே உதவியாயிற்று. மருந்து முக்கிய குச்சி உலர்வதற்கும் ஒட்டிய பெட்டி காய்வதற்கும் வறண்ட காற்றும் வெயிலும் வேண்டும். கம்பங்கொல்லையைக் கருகச் செய்த அதே வெயில் தீக்குச்சியைத் தேற்றியது. ஆனால் மரம் அவ்வூரில் இல்லை. குச்சிக்கு ஏற்ற மென்மையான மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலிருந்து வரவேண்டும். இரயிலோ 1927-இல் விருதுநகர்–தென்காசிப் பாதை திறக்கப்பட்ட பிறகே சிவகாசியைத் தொட்டது. அதுவரை மாட்டுவண்டிதான்.

1926-இல் இருவரும் மனமொப்பிப் பிரிந்து தனித்தனியே தொழில் நடத்தினார்கள். ஒருவருடைய சின்னம் அணில்; மற்றவருடையது காக்கை. படிக்கத் தெரியாதவர் பெரும்பான்மையாக இருந்த நாட்டில், கடைக்காரரிடம் ‘அணில் மார்க்’, ‘காக்கா மார்க்’ என்று கேட்டு வாங்க வசதியாக இருக்கவேண்டுமல்லவா? பிற்காலத்தில் சண்முக நாடாரைக் காக்கா சண்முக நாடார் என்றே ஊரார் அழைத்தார்கள். அரசர்களுக்குப் பட்டப்பெயர் அவர்கள் வென்ற நாட்டால் வந்தது. இவருக்குத் தம் சரக்கால் வந்தது. தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்துவைக்கும் சிறுவர்களைப் பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. என்னைக் கேட்டால், அந்தப் படங்களே நம்மிடம் எஞ்சியுள்ள சிறந்த சான்றுகள் என்பேன். அவற்றை அச்சிடும் தேவையே சிவகாசியில் கல்லச்சுக் கூடங்களை வளர்த்தது; வண்ணமாக எரியும் மத்தாப்புத் தீக்குச்சியிலிருந்தே பட்டாசுத் தொழிலும் கிளைத்தது. ஒரு தொழில் மூன்று தொழிலாயிற்று.

இதுவரை நான் கூறியவை பெரும்பாலும் முயற்சியால் வெல்லக்கூடிய தடைகள். இனி வருவது வேறு வகையானது. சுவீடன் நாட்டில் ஐவார் குரூகர் என்ற மாபெரும் முதலாளி இருந்தார். அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அந்நாடுகளின் தீப்பெட்டி வாணிகத்தைத் தம் ஏகபோகமாக்கிக் கொண்டவர். இந்தியாவில் இறக்குமதி வரி ஏறியதைக் கண்ட சுவீடன் கம்பெனியார், வேலிக்கு வெளியே நின்று புலம்பாமல், வேலிக்கு உள்ளேயே வந்து குடியேறினார்கள். 1923-இல் மேற்கு இந்தியத் தீப்பெட்டிக் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, தோன்றியது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் என அதன் ஆலைகள் எழுந்தன. குச்சி செதுக்குவது முதல் பெட்டி நிரப்புவது வரை இயந்திரமே செய்தது. விலையைக் குறைத்துச் சில மாதங்கள் நட்டத்தைத் தாங்கவும் அக்கம்பெனியால் முடியும். சிவகாசிக்காரரால் சில வாரங்கள்கூடத் தாங்க முடியாது. 1932 மார்ச்சு 12-ஆம் நாள் பாரிசு நகரில் குரூகர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அவருடைய கணக்குகள் பொய்க்கணக்குகள் என்பது வெளிப்பட்டது. உலகமே அதிர்ந்தது. ஆனால் விம்கோ தொடர்ந்து இயங்கிற்று.

சிறு தொழிலதிபருக்கு இதனினும் பெரிய சோதனை 1934-இல் வந்தது. உள்நாட்டில் செய்யும் தீப்பெட்டிக்கும் அரசாங்கம் உற்பத்தி வரி விதித்தது. நாற்பது குச்சிப் பெட்டி என்றால் குரோசுக்கு ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு 192 பை. அதனை 144 பெட்டிக்குப் பங்கிட்டால் ஒரு பெட்டிக்கு ஒன்றே மூன்றில் ஒரு பை. இது வாங்குகிறவர் தலையில் விழும் வரிதானே, செய்பவருக்கு என்ன துன்பம் என்று மாணவர்கள் கேட்கலாம். துன்பம் தொகையில் இல்லை; காலத்தில் இருக்கிறது. வரி கட்டியதற்கு அடையாளமான காகிதப் பட்டை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டப்பட வேண்டும். அந்தப் பட்டையை முன்பணம் கொடுத்து வாங்கவேண்டும். நாளொன்றுக்கு நூறு குரோசு செய்கிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் அவர் நூறு ரூபாயைச் சரக்கு விற்பதற்கு முன்பே எடுத்து வைக்கவேண்டும். சரக்கோ வெளியூர் வியாபாரிக்குக் கடனுக்குப் போகிறது. இரண்டு மாதம் கழித்துப் பணம் வருமாயின், அதற்குள் ஆறாயிரம் ரூபாய் வரியாக மட்டுமே முடங்கிவிட்டது! குச்சிக்கும் மருந்துக்கும் கூலிக்கும் ஆன செலவு வேறு. பெரிய கம்பெனிக்கு வங்கி இருக்கிறது. சிறியவர் வட்டிக்கடையின் படியேறினார். எந்தத் தயவிலிருந்து விடுபட வேண்டுமென்று தொழில் தொடங்கினாரோ, அந்தத் தயவே வரியின் உருவில் திரும்பி வந்தது.

மகமை வழக்கமும் உறவின்முறையும் இல்லையென்றால், இந்தக் கட்டத்தில் சிவகாசித் தொழிலும் வங்காளத்துத் தொழிலைப் போலவே மறைந்திருக்கும் என்பது என் கருத்து. ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்தும், கொடுத்த வாக்கைக் காத்தும் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

நாடு விடுதலை பெற்றபின் அரசாங்கத்தின் நோக்கு மாறியது. இயந்திர ஆலைக்கு ஒரு வரி, கைத்தொழிற்கூடத்திற்கு அதனினும் குறைந்த வரி என்று படிப்படியாக வகுத்தார்கள். 1950-களில், நாளுக்கு 25 குரோசுக்கு மேற்படாமல் செய்யும் குடிசைக் கூடங்களுக்கு மிகக் குறைந்த வரி என்ற ஏற்பாடும் வந்தது. காந்தியடிகளின் கிராமத் தொழில் கொள்கை இதற்கு அடிப்படை. சிறியவர்கள் மூச்சுவிட்டார்கள். சிவகாசியில் மட்டுமன்றிச் சாத்தூர், கோவில்பட்டி, வடக்கே குடியாத்தம் ஆகிய இடங்களிலும் தொழில் பரவிற்று; காலப்போக்கில் விம்கோவின் பங்கு சுருங்கிற்று.

எனினும் இச்சலுகைக்குள்ளே ஒரு முள் இருந்தது. சிறியவராக இருக்கும் வரைதான் சலுகை. வளர்ந்தால் வரி ஏறும். வளர்ச்சிக்குத் தண்டனை விதித்தால் மனிதர் என்ன செய்வார்? வளர்ந்தவர் வளராதவர் போல நடித்தார். ஓர் ஆலையை ஆறாகப் பிரித்து, மனைவி பெயரில் ஒன்று, மைத்துனன் பெயரில் ஒன்று, கணக்குப்பிள்ளை பெயரில் ஒன்று என்று எழுதி வைத்தார்கள். மெய்யாகவே சிறியவராய் இருந்தவர், இவர்களுடைய குச்சிக்கும் மருந்துக்கும் காத்திருக்கும் கூலிக்காரராய் மாறினார். இயந்திரம் வாங்கும் ஆற்றல் இருந்தும் பலர் வாங்காமல் இருந்தார்கள். தொழில்நுட்பம் பல பத்தாண்டுகள் நின்ற இடத்திலேயே நின்றது. நல்ல எண்ணத்தோடு செய்த சட்டம் இது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் குள்ளமாக இருப்பவனுக்குப் பரிசு என்று அறிவித்தால் ஊரெல்லாம் குனிந்து நடக்கத் தொடங்கும்.

இயந்திரம் வாராத இடத்தில் விரல்கள் வேண்டியிருந்தன. மலிவான விரல்கள் எவருடையவை? இதனை மாணவர்களுக்கு மறைத்துப் பேசுவது முறையன்று. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி நிரப்புவதற்கும் ஆயிரமாயிரம் சிறார்கள், அவர்களுள்ளும் பெரும்பாலும் சிறுமியர், அமர்த்தப்பட்டார்கள். விடியுமுன் பேருந்துகள் கிராமங்களுக்குச் சென்று, தூக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிவரும். இருட்டிய பின் கொண்டுபோய் இறக்கும். அடுக்கிய கட்டைக்கு இத்தனை காசு என்று கூலி. மழை பொய்த்த குடும்பத்திற்கு அதுவே சோறு என்று தொழிலதிபர்கள் வாதிட்டார்கள். அவ்வாதத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மகமைப் பணத்தில் பள்ளி கட்டிய ஊர் அது. அய்ய நாடார் ஜானகி அம்மாள் பெயரில் 1963-இல் கல்லூரி கண்ட ஊர் அது. தன் பிள்ளை கற்கவேண்டும் என்பதே அந்த வணிகரின் தலையாய குறிக்கோளாக இருந்திருக்க, அடுத்த கிராமத்துக் கரிசல்காட்டுக் கூலியின் பிள்ளைக்கு அக்குறிக்கோள் எட்டாமல் போயிற்று. ஒருவருடைய தடை நீங்குவதற்கு மற்றொருவர் படிக்கட்டாகக் கிடந்தார்.

1986-இல் இயற்றப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, வெடிபொருள் ஆகியவற்றின் உற்பத்தியில் பதினான்கு வயது நிரம்பாதவர்களை ஈடுபடுத்தலாகாது என்று விலக்கிற்று. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசியைப் பற்றிய வழக்கிலேயே, சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் தொழிலதிபர் 20,000 ரூபாய் ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பகுதி இயந்திரங்களும் முழு இயந்திரங்களும் ஒவ்வொன்றாக வந்தன. சிறார் வெளியேறியதற்குச் சட்டம், சத்துணவு, பள்ளி, பெற்றோர் மனமாற்றம் எனப் பல காரணங்கள் உண்டு. இயந்திரமும் ஒரு காரணம். முன்பே வந்திருக்கக்கூடிய இயந்திரம் அது.

பெரியவருடைய கதை என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். சுவீடன் கம்பெனியார் விம்கோவை 2005-இல் ஐ.டி.சி. நிறுவனத்தின் துணைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். வடசென்னையில் விம்கோ நகர் என்ற இரயில் நிலையமும், 2021-இல் அதே பெயரில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் அப்பெயரைத் தாங்குகின்றன. அந்த நிலையத்தில் இறங்குகிறவர்களுள் எத்தனை பேருக்கு அப்பெயர் தீக்குச்சியின் பெயர் என்று தெரியுமோ, நான் அறியேன்.

சிறியவருடைய கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, பதினான்கு ஆண்டுகள் அவ்விலையிலேயே நின்று, 2021 டிசம்பர் 1-ஆம் நாள்தான் இரண்டு ரூபாயாயிற்று. அப்பதினான்கு ஆண்டுகளில் பாஸ்பரம், மெழுகு, அட்டை, குளோரேட்டு எதுவும் ஒரே விலையில் நிற்கவில்லை. ஆனால் ஒரு ரூபாய் நாணயத்திற்கும் இரண்டு ரூபாய் நாணயத்திற்கும் இடையில் வேறு நாணயம் இல்லாதபோது, பத்துக் காசு ஏற்றுவது எப்படி? விலை நிர்ணயம் என்னும் பெரிய கோட்பாடெல்லாம் இங்கே சில்லறைக் காசின் முன் கைகட்டி நின்றது. இதற்கிடையில், 2020 ஏப்ரல் முதல், கையால் செய்த பெட்டிக்கு 5 விழுக்காடும் மற்றதற்கு 18 விழுக்காடுமாக இருந்த சரக்கு சேவை வரியை ஒன்றாக்கி, இரண்டிற்கும் 12 விழுக்காடு என்று வைத்தார்கள். கைக்கும் இயந்திரத்திற்கும் இடையே நெடுங்காலம் நின்ற வேறுபாடு அந்த ஒரே நாளில் அகன்றது.

கடைசியாக வந்த தடை, ஒருமுறை வாங்கிப் பலநூறு முறை பற்றவைத்துத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் லைட்டர். பத்து ரூபாய்க்குக் கிடைத்த அப்பொருள், அதே விலைக்கு வாங்கும் தீப்பெட்டிகள் பலவற்றின் வேலையைச் செய்துவிட்டது. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் சென்னைக்கும் தில்லிக்கும் மனுப்போட்டார்கள். 2022-இல் தமிழக முதலமைச்சரும் மத்திய அரசுக்கு எழுதினார். 2023 ஜூன் மாதத்தில், இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், சுவீடன் கம்பெனி வேலியைத் தாண்டி உள்ளே வந்து ஆலை வைத்ததைச் சற்று முன்பு கூறினேன். லைட்டரும் அவ்வாறே உதிரிப் பாகங்களாக வந்திறங்கி, இங்கே பொருத்தப்பட்டுச் சந்தைக்கு வரலாயிற்று. உற்பத்தியாளர்கள் மீண்டும் மனு எழுதினார்கள். 2024 அக்டோபரில் உதிரிப் பாகங்களுக்கும் தடை வந்தது.